பட்டை கழற்றிய லாரி

பட்டறை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வேலுசாமி லாரியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினான். பின்னால் போய்க் குந்தினான். சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தான்.

சக்கரங்களை இணைக்கும் இருசின் மேல் வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கியிருந்தன. பெரியது மேலே, சிறியது கீழே. பக்கத்துக்குப் பன்னிரண்டு. லாரி வாங்கும்போது ஒன்பதுதான் இருந்தன. மற்ற மூன்றைப் போன சித்திரையில் அவனே கேட்டுப் போட்டுக்கொண்டான். இதே மரத்தடியில்.

அங்காளம்மாள் வாசல் தெளிக்க வாளியோடு வந்தாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவள் புருஷன் தீர்த்தகிரி பட்டை அடிப்பான். அவள் உலைக்குக் காற்று சுற்றுவாள். அறுபத்திரண்டில் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ராசிபுரம் வந்தவர்கள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

"பட்டை ஒடிஞ்சு போச்சா தம்பி?"

"இல்லீங்க அக்கா. கழட்டோணும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அப்புறம் வண்டி எதுமேல நிக்கும்? உன் தலைமேலயா?"

தீர்த்தகிரி வேப்பங்குச்சியோடு வெளியே வந்தான். ஐம்பது வயது. வலது காதில் கேட்காது. இடது காதைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"வசந்தாமணியை வியாழக்கிழமை ஊட்டுக்கு அனுப்பறாங்க," என்றான் வேலுசாமி. "படுக்க வெச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போகோணும். வண்டி குலுங்கக் கூடாது."

அங்காளம்மாள் வாளியைத் திரும்ப எடுக்கவில்லை.

வசந்தாமணி அவன் மனைவி. ஆடி மாதம் மேச்சேரியில் இரண்டு செம்மறி வாங்கி லாரியில் ஏற்றினார்கள். வேறு பாரம் இல்லை. ஆடுகள் பயந்து கத்தின. பின்னால் ஏறிப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம், கேபினில் உட்கார் என்றான். ஒரு தடவைதான் சொன்னான். தாரமங்கலம் தாண்டி ஒரு பாலத்து ஏற்றத்தில் வண்டி துள்ளியது. பத்து டன்னுக்குக் கட்டிய பட்டைகள். இரண்டு ஆடும் ஒரு பெண்ணும் அவற்றுக்கு ஒரு பாரமே இல்லை. அவள் மேலே போய்க் கீழே வந்தாள். உட்கார்ந்த வாக்கில் பலகைமேல் விழுந்தாள். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்கு மாதம் சேலம் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தாள். எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம். வீட்டில் பலகையில் படுத்திருக்கட்டும். ஆனால் போகிற வழியில் முதுகு அடிவாங்கினால், வர இருப்பதும் வராது.

"ஆஸ்பத்திரி வண்டி இல்லையா?" என்று கேட்டான் தீர்த்தகிரி.

"இருக்குதுங்க. தார்ரோட்டோட நின்னுக்கும். எங்க தோட்டத்துக்கு அங்கிருந்து ஒன்றரை மைல் வண்டித்தடம். அதுவுமில்லாம, அந்த வண்டியோட பட்டை எப்படின்னு எனக்குத் தெரியாது. என்ற வண்டி எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணைத் தூக்கிப் போட்டியா?" என்றாள் அங்காளம்மாள்.

"சும்மா இரு," என்றான் தீர்த்தகிரி.

"சொல்லட்டுமுங்க," என்றான் வேலுசாமி.

தீர்த்தகிரி வாய் கொப்பளித்துவிட்டு வந்து வண்டிக்கடியில் குனிந்தான். வேலுசாமியும் குனிந்தான்.

"மொதல்ல மேல இருக்கற பட்டைக் கட்டை எடுத்துருங்க மேஸ்திரி. அதுதானுங்க முரட்டுக் கட்டு."

பெரிய கட்டுக்கு மேலே ஐந்து பட்டையில் ஒரு சின்னக் கட்டு இருந்தது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அதுவும் சேர்ந்து தாங்கும்.

"கையை விட்டுப் பாரு," என்றான் தீர்த்தகிரி.

வேலுசாமி கையை விட்டான். சின்னக் கட்டின் நுனிக்கும் அது உட்கார வேண்டிய மேடைக்கும் நடுவில் நான்கு விரல் போனது. அது எதையும் தொடாமல் அந்தரத்தில் இருந்தது. பதினோரு வருஷம் லாரி ஓட்டியிருக்கிறான். குனிந்து பட்டை பார்த்ததெல்லாம் பாரம் ஏற்றிய பிறகுதான். வெறும் வண்டிக்கு அடியில் அவன் பார்த்ததே இல்லை.

"பாரம் இருந்தாத்தான் அது வேலை செய்யும்," என்றான் தீர்த்தகிரி. "வெறும் வண்டியில உதைக்கிறது பெரிய கட்டு. அதுலதான் எடுக்கணும். எடுத்தாலும் வெறும் வண்டி கொஞ்சம் குதிக்கும். மணல் மூட்டை போடு. ரெண்டு டன். பட்டையும் குறையணும், பாரமும் இருக்கணும்."

"எத்தனை பட்டைங்க எடுக்கறது?"

"அதை வண்டிதான் சொல்லும்."

முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். பின்னால் சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் புளியங்கட்டை அடுக்கி நிறுத்தினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். பட்டை அடுக்கை இருசோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. தீர்த்தகிரி மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனான். வேலுசாமி சாப்பிடவில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கினான். நட்டு அசையவில்லை.

"ஊற விடு," என்றாள் அங்காளம்மாள். "இப்படித் தொங்கினா போல்ட்டு ஒடியும், இல்லே நீ ஒடிவே. ரெண்டு பேரு படுத்துக்கிட்டா யாரு பாக்கறது?"

அவள் தட்டில் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தின்றான்.

மத்தியானம் நட்டு அசைந்தது. இடது பக்கக் கட்டு இறங்கியபோது மணி மூன்று. அதை இடுக்கியில் பிடித்து நடு போல்ட்டை எடுத்ததும் பட்டைகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டதுபோல் பிரிந்தன. நடுவிலெல்லாம் செம்மண்ணும் துருவும்.

அங்காளம்மாளுக்கு எழுதத் தெரியாது. சாக்குக்கட்டியால் பட்டைகளில் கோடு போட்டாள். மேல் பட்டைக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு. பன்னிரண்டாவது பட்டை கையகலம்தான் இருந்தது. அதில் பன்னிரண்டு கோடு போட இடமில்லை. திருப்பிப்போட்டு மிச்சத்தைப் போட்டாள்.

"இது எதுக்குங்க அக்கா?"

"மறுபடி போடறப்ப வரிசை மாறிச்சுன்னா சத்தம் போடும். ராத்திரியெல்லாம் அழுவும்."

செவ்வாய்க்கிழமை வலது பக்கம். வேலுசாமி பட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிறகு கிரீஸ் தடவினான். அங்காளம்மாள் துணி கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. வெறுங்கையால் நுனிமுதல் நுனிவரை தடவினான். இன்னொரு முறை தடவினான்.

"போதும், வழுக்கிட்டு ஓடிரும்," என்றாள்.

தீர்த்தகிரி இடையிடையே பட்டைகளை உருவி ஒதுக்கினான். பக்கத்துக்கு ஏழு ஒதுக்கி, ஐந்தை மட்டும் சேர்த்துக் கட்டினான். யு போல்ட்டில் மிஞ்சிய நீளத்துக்கு இரும்புத் துண்டுகள் வைத்து இறுக்கினான். கட்டு திரும்ப ஏறியது. ஒதுக்கியவை வேப்பமரத்தில் சாய்ந்து நின்றன. புளியங்கட்டைகளை எடுத்ததும் லாரி ஒரு சாண் தாழ்ந்து நின்றது. பிறகு மணல் மூட்டைகளை ஏற்றினார்கள்.

"யாராச்சும் படுத்துப் பாக்கணுமே," என்றான் தீர்த்தகிரி.

"நான் படுக்கறேனுங்க," என்றான் வேலுசாமி. "நீங்க ஓட்டுங்க."

"எனக்குப் பட்டைதான் அடிக்கத் தெரியும். வண்டி ஓட்டத் தெரியாது."

பட்டறைக்கு வந்தவர்கள் இருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்காளம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால்வைத்து ஏறினாள். மூட்டைகளுக்கு மேல் வைக்கோல் பரப்பி அதன்மேல் பலகை போட்டிருந்தது. மல்லாந்து படுத்தாள்.

"ஒரு சொம்புத் தண்ணி குடு," என்றாள் புருஷனிடம்.

"குடிக்கவா?"

"வயித்து மேல வெச்சுக்க."

வேலுசாமி ஏரிக்கரைப் பாதையில் ஓட்டினான். பள்ளமும் கல்லும் உள்ள பாதை. பத்து மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஓடைப்பாலத்தில் ஏறி இறங்கும்போது அடியில் ஏதோ 'டங்'கென்று இடித்தது. திரும்பி வந்து நிறுத்தினான். அங்காளம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். சேலை நனைந்திருந்தது.

"பாலம் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தலை. பாலத்துல மொத்தமும் போச்சு."

"அஞ்சு பத்தலை," என்றான் தீர்த்தகிரி. "இருசு மேல வந்து சட்டத்துல இடிக்குது. ஒண்ணு போடணும்."

மறுபடி ஜாக்கி. மறுபடி கல். பக்கத்துக்கு ஒரு பட்டை திரும்பப் போனது. ஆறு ஆயிற்று. புதன்கிழமை காலை அங்காளம்மாள் மறுபடி ஏறிப் படுத்தாள். இம்முறை சொம்பில் பாதி சிந்தியது. இடிக்கவில்லை. மூன்றாம் முறை தலையணையை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, கேபினை ஒட்டிப் படுத்தாள். திரும்பி வந்ததும் தண்ணீர் குறையாத சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

"படுக்கை இருசுக்கு மேல இருக்கக் கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கணும். அங்க தொட்டில் மாதிரி இருக்குது. மூட்டையை ஒழுங்கு பண்ணு."

பலகையை முன்னால் கொண்டுபோனார்கள். வேலுசாமி கேபினிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தான். வேலை முடிந்து பட்டறையை விட்டுக் கிளம்பும் வண்டி பழத்தை நசுக்கிவிட்டுத்தான் போகும். சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தான்.

"அதுவும் ஒரு மேடுதான்," என்றாள் அங்காளம்மாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தான். பழங்களைக் கொண்டுபோய் மறுபடி சாமி படத்தின் முன்னால் வைத்தான்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள். "பின்னால அவளோட ஒரு ஆளு உக்காரணும்ல. வலிச்சா கேபினைத் தட்டறேன். ஒரு தட்டு தட்டினா மெதுவாப் போ. ரெண்டு தட்டினா நிறுத்து."

வியாழக்கிழமை சேலத்தில் ஆஸ்பத்திரி ஆயா பாவாயியும் மூன்று ஆட்களும் வசந்தாமணியைப் பலகையோடு தூக்கி வந்தார்கள். இடுப்பைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு வெயிலைப் பார்த்தவள் கண்ணைச் சுருக்கினாள். லாரியைப் பார்த்ததும் விரித்தாள்.

"இதுலயா?"

"இதுலதான்."

ஆட்கள் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

"பட்டை கழட்டியிருக்கேன்," என்றான்.

"எத்தனை?"

"ஆறு."

"சேர்த்துப் போட்டது மூணுதானுங்களே."

"இன்னொரு மூணும் சேர்த்து எடுத்தாச்சு."

"அம்மணி, எனக்குக் கை வலிக்குது," என்றாள் பாவாயி. "புருஷன் பொஞ்சாதி வெவகாரத்தை ஏறிப் படுத்துக்கிட்டுப் பேசுங்க."

ஏற்றினார்கள். வைக்கோலில் பலகை அமர்ந்தது. அங்காளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்துக்கு நிழல் பிடித்தாள்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"நீ படுத்திருக்கற இடத்துல மூணு தடவை படுத்துப் பாத்தவ."

வேலுசாமி வண்டியை எடுத்தான். கிளச்சை விடும்போது மூச்சையும் சேர்த்து விட்டான். சேலம் டவுனைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாமக்கல் ரோட்டில் ஓரத்திலேயே போனான். குழி தெரிந்தால் தூரத்திலேயே பிரேக்கில் கால் வைத்தான். பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. ஒரு பஸ் விடாமல் ஆரன் அடித்தது. ஏறி வந்து பக்கத்தில் ஓடியது. டிரைவர் தலையை நீட்டினான்.

"ஏனுங்க, முட்டை லோடா?"

"ஆமாங்க. முட்டைதான்."

"பாத்துங்க, ஊடு போறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிரும்."

பஸ் போய்விட்டது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. எஞ்சின் சத்தத்தில் சரியாகத் தெரியவில்லை. காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டினான். தட்டு வரவில்லை.

மல்லூரில் வெண்ணந்தூர் ரோட்டுக்குத் திரும்பினான். இங்கே தார் பாதி இடத்தில்தான் இருந்தது. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. தட்டு வரவில்லை. ஒரு பாலம் வந்தது. முன்சக்கரம் ஏறும்போது அவன் இருக்கையிலிருந்து எழுந்து, நின்ற வாக்கில் ஓட்டினான். தன் உடம்பின் பாரமும் அதன்மேல் வேண்டாம் என்பதுபோல. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. தட்டு வரவில்லை.

அரை மைல் போனதும் அவனால் முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். டயரில் கால்வைத்து ஏறி எட்டிப் பார்த்தான்.

அங்காளம்மாள் மணல் மூட்டையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. வசந்தாமணி விழித்திருந்தாள். அவள் கைதான் அங்காளம்மாளின் முந்தானையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நிழல் வைத்திருந்தது.

"எழுப்பாதீங்க," என்றாள் மெதுவாக. "மூணு நாளா வேலையாமா."

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பாலத்துல?"

"எந்தப் பாலம்?"

அவன் சற்றுநேரம் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இறங்கினான்.

தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து முந்தின நாளே மண்வெட்டியால் சரிசெய்து வைத்திருந்தான். வாசலில் மழைத்தண்ணீர் போகும் வாய்க்காலுக்குமேல் இரண்டு கல் பாவியிருந்தது. அதைத் தாண்டாமல் வெளியிலேயே நிறுத்தினான். நாச்சிமுத்துவும் ஆட்களும் பலகையை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். வேலுசாமியின் அக்கா ஆத்தாயி, புருஷன் இல்லாதவள், இரண்டு நாள் முன்பே வந்து முன்கூடமான ஆசாரத்தில் கட்டிலைத் துடைத்து வைத்திருந்தாள். கட்டிலை வாசல் தெரிகிறமாதிரி போடச் சொன்னாள் வசந்தாமணி.

அங்காளம்மாளை அவன் ராசிபுரத்தில் கொண்டுபோய் விட்டான்.

"எப்பக் கொண்டு வரே?" என்றான் தீர்த்தகிரி. மரத்தில் சாய்ந்திருந்த பட்டைகளைக் காட்டினான்.

"ரெண்டு நாள்ல வாரேனுங்க."

அவன் வரவில்லை.

லாரி வாசலுக்கு வெளியே தாழ்ந்து நின்றது. அந்தப் பட்டையில் இரண்டு டன்னுக்குமேல் ஏற்ற முடியாது. கல்கத்தாவுக்கு ஜவ்வரிசி லோடு இருக்கிறது என்று ஆள் வந்து சொன்னார். வேறு வண்டி பாருங்க என்றான். போனால் வர இருபது நாள்.

காலையில் எழுந்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்காருவான். டாக்டர் சொன்னபடி அவள் பாதத்தைக் கையில் வாங்கி மேலும் கீழும் ஆட்டுவான். பிறகு உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவான்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

ஆறாம் நாள் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தான்.

"தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுதுங்க."

அவன் இன்னும் விரல் வைக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"உங்க மொகத்தைப் பாக்க முடியலீங்க," என்றாள். "அதான் சொன்னேன்."

அவன் பாதத்தைக் கையில் எடுத்து ஆட்டத் தொடங்கினான்.

"பட்டை எப்பப் போடறீங்க?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குத்தான்."

"உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எதுல தூக்கிக்கிட்டுப் போறது? வண்டி இப்படியே இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

அவன் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைய ஒருக்காத்தான் கொண்டுவரணும்," என்றாள். "கொண்டு வந்துட்டீங்க. வண்டி அப்படி மண்டி போட்டு நிக்கறதைப் பாத்தா நம்ம ரெண்டு பேரும் படுத்துக்கிட்ட மாதிரி இருக்குது. போய்ப் போட்டுக்கிட்டு வாங்க. அக்கா இருக்குது. நாச்சிமுத்தண்ணன் இருக்குது."

ஒன்பதாம் நாள் போனான்.

பட்டைகளில் லேசாகத் துரு பிடித்திருந்தது. அங்காளம்மாள் போட்ட கோடுகள் பனியில் மங்கியிருந்தன. தேய்த்துவிட்டு எண்ணிப் பார்த்து வரிசையாகக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்றா?"

"வலி இல்லீங்க."

"காலு?"

"இல்லீங்க அக்கா."

அவள் உலைப்பக்கம் போய் மண்ணெண்ணெய் எடுத்து வந்தாள்.

தீர்த்தகிரி கட்டைப் பிரித்து அடுக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. கோடு பார்த்துக் கோடு பார்த்து அங்காளம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாவது பட்டை அமர்ந்ததும் வேலுசாமி கையை நீட்டித் தடுத்தான்.

"போதுமுங்க."

"மூணு பாக்கி இருக்குதே."

"அது அங்கயே இருக்கட்டும்."

"பத்து டன் ஏத்தினா தாங்காது."

"ஏத்தலீங்க."

தீர்த்தகிரி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு நடு போல்ட்டை எடுத்தான். அங்காளம்மாள் மிச்ச மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் குவியலில் போட்டாள். சத்தம் கேட்டுத் தீர்த்தகிரி இடது காதைத் திருப்பினான்.

மறுபக்கத்திலும் ஒன்பதோடு நிறுத்தினார்கள். மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பினான். வெறும் வண்டி. ஒன்பது பட்டை. பின்னால் பலகைகள் தடதடவென்று அடித்துக்கொண்டன. ஒவ்வொரு குழியிலும் அவன் இடுப்பு இருக்கையைவிட்டு எழும்பி விழுந்தது. பத்து நாளில் மறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு மெதுவாகப் போனான். பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்தும் மெதுவாகத்தான் போனான்.

வாசலுக்கு வெளியே ஆத்தாயி சோளத்தட்டு அறுத்துப் போட்டிருந்தாள். லாரியை வெளியே நிறுத்த இடமில்லை. உள்ளே எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் தயங்கினான். வாய்க்கால் கல்மேல் முன்சக்கரத்தை ஏற்றினான். பிறகு பின்சக்கரம். வண்டி துள்ளி இறங்கியது. பின்கதவு, சங்கிலி, பலகை எல்லாம் ஒன்றாக அடித்தன. ஆசாரத்து ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது.

எஞ்சினை நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இறங்கி ஓடினான். அவள் படுத்த இடத்திலேயே இருந்தாள். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

"அதிர்ந்துதா? முதுகு வலிக்குதா?"

"இல்லீங்க."

"நான் வெளியவே நிறுத்தியிருக்கோணும்."

"இருங்க. பேசாதீங்க." அவள் கண் கால்மாட்டில் இருந்தது. "வண்டி கல்லு மேல விழுந்துதில்ல, அப்பக் கட்டில் நடுங்குச்சு. குதிகால்ல என்னமோ தெரிஞ்சுது. இடது குதிகால்ல."

அவன் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தான். குதிகால் பலகைமேல் இருந்தது. அதைத் தொடக் கையை நீட்டினான். தொடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"அன்னிக்குச் சொன்னனே, அந்த மாதிரி இல்லீங்க," என்றாள். "நீங்க எதுக்கு நம்போணும். நம்ப வேண்டாம்."

ஆத்தாயி கையில் அரிவாளோடு நடையில் வந்து நின்றாள். அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான். சட்டையெல்லாம் கிரீஸாக இருந்தது. அவள் கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காதுகளின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

"வெளிய போயிட்டு இன்னொருக்கா உள்ள வாங்க. கண்ணையும் மூடிக்கறேன், காதையும் பொத்திக்கறேன். கல்லு மேல ஏறி விழறப்பச் சொல்றேன்."